கோழிக்குத் தண்ணி வைக்கோணும்

பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில், எல்லோருக்கும் அக்காவான அந்த மனுசியை ஒரு கொண்டாட்டத்துக்குக் கூப்பிட யாரும் தயங்குவதில்லை. கூப்பிட்ட மரியாதையும் சேரும், ஒரு கதிரையும் மிச்சம். கலியாணமோ, சாமத்தியவீடோ, பிறந்தநாளோ, அழைப்பிதழை நீட்டினால் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். “நல்ல காரியம் பிள்ளை, நல்லா நடக்கட்டும். எனக்கெண்டால் கோழிக்குத் தண்ணி வைக்கோணும்” என்பார். அதோடு கதை முடிந்தது.

என் கலியாணத்துக்கும் அதே பதில்தான். மண்டபம் நகருக்கு வெளியே, ஓல்னேயில். கூட்டிப்போகக் கார் அனுப்புகிறேன் என்று கெஞ்சினேன். ஒரு பெரிய சட்டி நிறையப் பயற்றம் பணியாரம் வந்து சேர்ந்தது, அக்கா வரவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கொஞ்ச நாள் அவரோடு கதைக்காமல் திரிந்தேன். பணியாரத்தை மட்டும் விடவில்லை, அது வேறு விடயம்.

ரூ பஜோல் தெருவில் பிள்ளையார் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு உணவகம். அதன் பக்கத்தில் ரெலிபோன் திருத்தும் கடை. அங்கே வேலை செய்தது நான். உணவகத்துக்கு மேலே, முதல் மாடியில், முற்றப் பக்கமாக இருந்த ஒற்றை அறைதான் அக்காவின் வீடு. அங்கேயே இடியப்பம் அவித்து, ரோல்ஸ் சுற்றி, கீழே உணவகத்துக்கும் அக்கம்பக்கத்துக் கடைகளுக்கும் கொடுப்பார். அறையின் ஜன்னலைத் திறந்தால் உணவகக் குசினியின் தட்டைக் கூரை. அந்தக் கூரையில்தான் நாலு பேட்டுக்கோழிகள். வீடு மாறிப் போன ஒரு குடும்பம் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனது. நாலு பக்கமும் ஆறு மாடிச் சுவர். அண்ணாந்து பார்த்தால் ஒரு துண்டு வானம். கோழிகள் கிணற்றுக்குள் விழுந்து, வெளியே வர மறந்துபோனவை மாதிரி அதற்குள் நடந்து திரியும்.

அக்கா கோழிகளுக்கு முதல் எழும்பி, அவை அடைந்த பிறகு படுப்பார். கூட்டுக்குக் கதவு கிடையாது. ஒரு சாக்குத்தான் தொங்கும். “அக்கா, பூனை வந்தால்?” என்று கேட்டால், “வந்தால் கோழி ஓடட்டுமன், கதவைச் சாத்தினால் எப்பிடி ஓடும்?” என்பார். அறைக் கதவும் அப்படித்தான், எந்தக் குளிரிலும் ஒரு விரற்கடை நீக்கலாகவே கிடக்கும். கட்டடத்தில் ஒரு லிப்ட் உண்டு, இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டும். அரிசிமா மூட்டை வந்தாலும் அக்கா அதைத் தோளில் போட்டுப் படியால்தான் ஏறுவார். “கோழி பாத்துக்கொண்டிருக்குது பிள்ளை, உந்த லிப்ட் ஆறுதலா அசைஞ்சு அசைஞ்சுதான் வரும்.” நானும் நம்பினேன். கோழி விசர் என்று சிரித்தேன்.

ஆவணியில் தேர் வரும்போது பார்க்க வேண்டும். கற்பூரமும் தேங்காயும் சனமுமாய்த் தெரு நிரம்பி வழியும். அக்கா நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைத்து, தேருக்குப் பின்னால் வருவார். ஒரு சந்தி வரும், அதைத் தாண்டினால் ரெயில் ஸ்ரேசன் பக்கம். அந்தச் சந்தியில் தேர் திரும்பும்போது அக்கா நின்றுவிடுவார். கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்பி நடப்பார். “எங்கை அக்கா?” என்றால் பதில் உங்களுக்கே தெரியும். பிள்ளையாரே ஊர் சுற்றுகிறார், இந்த மனுசிக்கு மட்டும் நாலு கோழியிலிருந்து விடுதலை இல்லை என்று நான் புறுபுறுப்பேன்.

இதெல்லாம் பகிடியாய் இருந்தது, அக்காவின் தங்கச்சி படுக்கையில் விழும் வரைக்கும்.

தங்கச்சி இருந்தது கார்ஜ் என்ற புறநகரில். எங்கள் பக்கத்து ஸ்ரேசனான கார் து நோரில் ரெயின் ஏறினால் எண்ணி நாலு தரிப்பு. நல்லாய் இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை தவறாமல் அவர்தான் வருவார். கோயிலுக்குப் போய்விட்டு, அக்காவின் கட்டிலில் சரிந்து, இரண்டு பேரும் ஊர்ப் புதினம் கதைத்துச் சிரிக்கும் சத்தம் என் கடை வரைக்கும் கேட்கும். பிறகு வயிற்றில் புற்று வந்தது. டொக்டர்மார் செய்யக்கூடியதைச் செய்துவிட்டு, வீட்டில் வைத்துப் பாருங்கோ என்று அனுப்பிவிட்டார்கள். இனி அவரால் வர ஏலாது. அக்காதான் போக வேண்டும்.

ஒவ்வொரு நாளும் போன் வரும். அக்கா மாப் பிசைந்த கையோடு இருப்பதால் ஸ்பீக்கரில் போடுவார், அதனால் நானும் கேட்டிருக்கிறேன். “அக்கா, ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போவன்.” அக்கா சொல்வார்: “வாறன், வாறன். இப்ப சரியான குளிரடி. தண்ணி ஐஸாப் போகுது. நான் இல்லாட்டி உதுகள் செத்துப்போம்.”  அந்தப் பக்கத்தில் “சரி அக்கா” என்று மட்டும் கேட்கும்.  தங்கச்சியின் மகன் காரோடு வந்து கீழே நின்றான். அவனையும் முட்டை கொடுத்துத் திருப்பி அனுப்பினார். கூடப்பிறந்தவளை விடக் கோழி பெரிதா? எனக்கு அக்காவைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல இருந்தது.

தண்ணீர் உறைந்தது பொய் இல்லை. அந்த வருடம் குளிர் ஒரு பிடி பிடித்தது. காலையில் சுடுதண்ணீர் ஊற்றினால் இடியப்பம் ஒரு ஈடு இறக்குவதற்குள் மேலே கண்ணாடி மாதிரிப் படிந்துவிடும். அக்கா தேங்காய் உடைக்கும் கத்தியின் முதுகால் அதைத் தட்டி உடைப்பார். கோழிகள் சுற்றி நின்று பார்க்கும். தண்ணீரைச் சூடாக்க அறையிலிருந்து கரண்ட் எடுக்கலாம் என்றால், இடியப்பச் சட்டியோடு இன்னொரு வயர் கொழுவினாலே பியூஸ் விழுந்து உணவகமும் சேர்ந்து இருட்டாகும். உணவக முதலாளி சத்தம் போடுவார்.

எனக்குப் பழுதான சாமானைக் கண்டால் கை சும்மா இராது. சூரிய ஒளியில் கரண்ட் எடுக்கலாமே என்று யோசித்தேன். கூடாரம் அடிக்கப் போகிறவர்கள் வாங்கும் ஒரு சோலார் தகடு எங்கள் கடையில் விலைபோகாமல் கிடந்தது. என் முதலாளியிடம் கேட்டு எடுத்தேன். ஒரு பழைய கார் பற்றரி. காரில் பிள்ளைகளின் பால்போத்தல் சூடாக்கும் கருவி ஒன்று. எல்லாவற்றையும் பொருத்தி, தகட்டைக் கூரையில் பாய் விரித்தது மாதிரி மல்லாக்கப் படுக்கப் போட்டேன். வெயில் என்றால் தலைக்கு மேலேதானே? ஊரில் மிளகாய் காயப்போடும்போது யாராவது சரித்தா வைக்கிறார்கள்?

மூன்று நாள் போயும் பற்றரியில் ஒன்றும் ஏறவில்லை. நான் வயரைத் தட்டி, கருவியைத் தட்டி, கடைசியில் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றபோது மேலே ஒரு ஜன்னல் திறந்தது. ஆறாம் மாடியில் இருந்த புதுச்சேரிக்காரர். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ‘ஐயா’ என்பதற்குப் பிரெஞ்சில் முசியே, கட்டடம் முழுக்க அவரை அப்படித்தான் சொல்லும்.

“என்னம்மா, நிலாவுக்கா வச்சிருக்கீங்க?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “வெயிலுக்குத்தான் முசியே!”

“வெயில் அங்க எங்கம்மா வருது? இங்க குளிர்காலத்துல சூரியன் தலைக்கு மேல வரவே வராது. எதிர்வீட்டுக் கூரையில எட்டிப் பார்த்துட்டுப் போயிடும். என் ஜன்னல்ல நல்லா சொலெய் அடிக்குது, பளீர்னு வெயில். இங்க கொண்டாந்து கட்டுங்க, நிமிர்த்திக் கட்டணும்.”

இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் என் தலைக்குள் யாழ்ப்பாணத்துச் சூரியன்தான் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. வெட்கமாகத்தான் இருந்தது. தகட்டைத் தூக்கிக்கொண்டு ஆறு மாடி ஏறி, அவர் ஜன்னல் கம்பியில் நிமிர்த்திக் கட்டி, வயரைக் கூரை வரைக்கும் இறக்கினேன். பற்றரி ஏறியது. ஆனால் சூடாக்கும் கருவி அதை ஒரே இழுவையில் குடித்துத் தீர்த்தது. பின்னேரமே தண்ணீர் மறுபடியும் ஐஸ்.

“விடு பிள்ளை, உனக்கேன் உந்தக் கரைச்சல்?” என்றார் அக்கா. அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது போல இருந்தது. நான்தான் விடவில்லை.

வழி கிடைத்தது பூசைச் சாமான் கடையில். சிவன் தலையிலிருந்து கங்கை கொட்டும் சின்ன நீரூற்று ஒன்று அங்கே கண்ணாடிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பது கோழிமுட்டை அளவு மோட்டர், கரண்ட் என்று பெரிதாய் ஒன்றும் இழுக்காது. சூடாக்க முடியாவிட்டால் என்ன, ஓடுகிற தண்ணீர் லேசில் உறையாதே! ஒன்று வாங்கிவந்தேன். மீன்கடையில் ஐஸ்மீன் வரும், குளிர் தாங்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்று கேட்டு எடுத்து, அதற்குள் கறுப்பு வாளியை இறக்கி, சுற்றிவரப் பழைய துணி அடைத்து, மூடியில் கோழி தலை நுழைக்க ஒரு ஓட்டை வெட்டினேன். பற்றரியில் கொழுவிய மோட்டர் வாளிக்குள்ளே தண்ணீரைக் கிளறிக்கொண்டே இருந்தது.

அக்கா சிவனைக் கூரைக்கு விடவே இல்லை. “கோழி எச்சம் போடும், பாவம் கிடைக்கும்” என்று கழற்றி எடுத்துப்போய் அறைத் தட்டில் வைத்துப் பூவும் சாத்தினார். “கங்கை மட்டும் கோழிக்கோ?” என்று நான் பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

இரண்டு நாளில் அந்த விடியல் வந்தது. தண்ணீர்க் குழாயில் ஐஸ் ஈட்டி மாதிரித் தொங்கியது. கூரையெல்லாம் உப்புக் கொட்டியது போல வெள்ளை. நான் கடை திறக்க முதல் மேலே ஓடினேன். பெட்டிக்குள் தண்ணீர் சளசளவென்று சுழன்றுகொண்டிருந்தது. ஒரு கோழி தலையை விட்டுக் குடித்துவிட்டு, கழுத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தது. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது.

“அக்கா! இஞ்சை வந்து பாருங்கோ, தண்ணி உறையேல்லை! இனி உங்கடை சாட்டு ஒண்டும் எடுபடாது. தீன் நான் போடுவன். பின்னேர ரெயினிலை கார்ஜுக்கு வெளிக்கிடுங்கோ.”

அக்கா ஜன்னலால் எட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அப்படியே கட்டிலில் குந்திக்கொண்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார்.

“ஏனடி செய்தனி? இனி நான் அவளுக்கு என்னத்தையடி சொல்லுறது?”

 சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டி நான்தான். என்ன நடந்தது, ஏன் அழுகிறீர்கள் என்று பக்கத்தில் இருந்து கேட்டேன். அப்போதுதான் சொன்னார். இத்தனை காலத்தில் ஒருவருக்கும் சொல்லாததை எனக்குச் சொன்னார்.

“விசா இல்லாத காலம். தங்கச்சி அப்ப இஞ்சை வரேல்லை. ரெயில் ஸ்ரேசனுக்குள்ளை வைச்சுப் பொலிஸ்காரர் பிடிச்சவங்கள். அடிக்கேல்லை, ஏசேல்லை, பொய் சொல்லக்கூடாது. ஒரு வானிலை ஏத்தி இருத்திப்போட்டு, கதவை வெளியாலை சாத்தினாங்கள். அந்தச் சத்தம் பிள்ளை... உள்பக்கம் தடவிப் பாத்தன், பிடி இல்லை. பேந்து கொண்டுபோய் அடைச்சு வைச்சிருந்து, ஊருக்குத் திருப்பி அனுப்பவெண்டு ஒருநாள் பிளேனடிக்கும் கொண்டுபோனாங்கள். நான் குழறின குழறலிலை பைலற் ஏத்தமாட்டன் எண்டிட்டார். திருப்பியும் அதே வான், அதே கதவு.”

“இப்பதான் கார்ட் இருக்கே அக்கா. பத்து வருச விசாக் கார்ட்.”

“கார்ட் எனக்குத் தந்தவங்கள், என்ரை காலுக்குத் தரேல்லையடி. மற்றவன் கதவைச் சாத்துற எதுக்குள்ளையும் என்னாலை ஏறேலாது. ரெயின் எண்டாலும் சரி, கார் எண்டாலும் சரி. நெஞ்சு அடைக்குது. ஏலாது எண்டு சொன்னால் விசரியெண்டு சொல்லுவினம். கோழி எண்டால் ஆரும் பேந்து கேக்கமாட்டினம்.”

நாங்கள் கேட்கவில்லைத்தான். சிரித்துவிட்டுப் போனோம்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. தங்கச்சி. அக்கா என்னைப் பார்த்தார்.  ஸ்பீக்கரில் போட்டார், பழக்கத்தில்.

“அக்கா, இண்டைக்கும் தண்ணி உறைஞ்சிட்டுதோ?”

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். “இல்லையடி. உறையேல்லை. எனக்குப் பயமா இருக்கு, அதுதான் வரேல்லை. ரெயினுக்குப் பயம். காருக்குப் பயம். நீ இஞ்சை வாறதுக்கு முதலே வந்த பயம்.” எனக்குச் சொன்னதை எல்லாம் தங்கச்சிக்கும் சொன்னார், வான், கதவு, பிளேன் எல்லாம்.

  தங்கச்சி அழுகிற குரலில் ஏசினார்.

“எடி விசரி! உதை முதலே சொல்லுறதுக்கென்ன? நீ என்னிலை ஏதோ கோவமெண்டு நினைச்சு நான் செத்துக்கொண்டிருக்கிறன். என்ன பிழை விட்டனெண்டு யோசிச்சு யோசிச்சே எனக்கு நித்திரை இல்லை. இடம்பெயரேக்கை என்னையும் சைக்கிளிலை வைச்சு உருட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்தனி. இந்தா கிடக்கிற கார்ஜுக்கு நடக்கமாட்டியோ?”

அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நடக்கலாம்! இது எங்கள் இரண்டு பேர் மண்டைக்கும் எட்டவில்லை. ரெயின் இருக்கிற ஊரில் யார்தான் நடக்க யோசிப்பார்கள்?

அன்றைக்கே வெளிக்கிட்டோம். நான் கடைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கோழிகளுக்குத் தீன் போடும் பொறுப்பை முசியே எடுத்துக்கொண்டார். “அலே, போயிட்டு வாங்க, நான் பார்த்துக்கறேன்” என்று மேலேயிருந்து கையசைத்தார். அக்கா முட்டையைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தார். மாற்றுச் சேலை இரண்டு. கார்ட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டார். பையில் வையுங்கோ என்றால் கேட்கவில்லை.

நகர எல்லையான போர்த் து லாச்சப்பலில் பெரிய சாலைப் பாலத்தின் கீழ் நுழைகிற இடத்தில் அவருடைய கால் நின்றுவிட்டது. மேலே வாகனங்கள் இடிமாதிரி ஓடின. அங்கே வெகுநேரம் நின்றோம். நான் இழுக்கவில்லை. “அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுதுதானே?” என்று கேட்டார். “ஓம் அக்கா, தெரியுது.” என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. கண்ணை மூடிக்கொண்டு கடந்தார். அடுத்த ஊரான செந்தெனியில் பொலிஸ் வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அக்கா கார்ட்டை நெஞ்சுக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாய் நடை வேகம் பிடித்தது. பல இடத்தில் வழி பிழைத்தோம். ஒரு பேக்கரி வாசலில் நின்று பாண் பிய்த்துத் தின்றோம், உள்ளே போகவில்லை. குளிரில் எனக்கு மூக்கும் காதும் இருக்கிறதா என்றே தெரியவில்லை. என் குதிக்கால் தேய்ந்து நான் நொண்டத் தொடங்கியபோது, அக்கா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

பொழுது படுகிற நேரம் கார்ஜில் அந்த உயர்ந்த கட்டடங்களுக்கு வந்து சேர்ந்தோம். ஒன்பதாம் மாடி. படியால்தான் ஏறினோம். கதவைத் திறந்த மகன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அக்கா அவனை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். கட்டிலில் கிடந்த உருவத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு சின்னதாய்ப் போயிருந்தார். அக்காவுக்குத் தெரிந்தது. சப்பாத்தைக் கழற்றாமலே கட்டிலில் ஏறி இருந்து, தங்கச்சியின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். 

வெகுநேரம் கழித்துத் தங்கச்சி கேட்டார்: “எத்தினை நாள் நிப்பாய்?”

“நீ போறவரைக்கும்.”

மகன் சட்டென்று முகத்தைத் திருப்பினான். அந்த வீட்டில் அதுவரைக்கும் எல்லோரும் ‘சுகம் வந்திடும், சுகம் வந்திடும்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி மட்டும் சிரித்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

“அப்பிடியெண்டால் நான் இப்போதைக்குப் போகமாட்டன்.”

நான் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் தனியாக வெளிக்கிட்டேன். ஸ்ரேசன் பக்கத்திலேயே இருந்தது. ரெயினில் ஏறி ஜன்னலோரம் இருந்தேன். நாங்கள் பாண் தின்ற தெரு எங்கேயோ போனது, பொலிஸைக் கண்டு நின்ற செந்தெனி போனது. கால் வலியைத் தடவிவிட்டு நிமிர்வதற்குள் கார் து நோர் வந்துவிட்டது. கதவு திறந்தது, சனம் இறங்கியது. எனக்கு எழும்ப மனம் வரவில்லை. அந்தத் தங்கச்சி இவ்வளவு கிட்டவா இருந்தார் என்று நினைத்து நினைத்து, அந்த இருக்கையிலேயே இருந்து அழுதேன்.